துரவும் மௌனமும்

தேர்தல் காலத்தில் சேந்தமங்கலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் பேருந்தில் செல்வோர் இதைக் கண்டிருப்பர். ஊரில் ஓங்கியிருக்கும் கட்சியைப் பற்றி இருவர் உரக்கப் பேசுவர். மாறாக எண்ணுவோர் சன்னலுக்கு வெளியே பார்த்திருப்பர். ஜெர்மானிய அறிஞர் எலிசபெத் நோயல்-நாய்மன் 1974இல் இதனை மௌனச் சுழல் என விளக்கினார். தனித்துவிடப்படுவோம் என்றஞ்சிச் சிறுபான்மைக் கருத்துடையோர் வாய் மூடுகின்றனர். அதனால் எதிர்க்கருத்து உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. அத்தோற்றம் மேலும் சிலரை அடக்குகிறது. உடன் வரும் ரயில் பயணியிடம் இதைப் பேசுவீர்களா என்றே அவரும் மக்களைக் கேட்டறிந்தார்.

இச்சுழலை எதிர்த்து நின்ற ஒருவர் நம் வட்டாரத்தோடு தொடர்புடையவர். சேலத்தில் வழக்கறிஞராயும் நகராட்சித் தலைவராயும் விளங்கிய ராஜாஜி, 1942இல் முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கைக்கு இணங்கி உடன்பாடு காணவேண்டும் என்றார். அலகாபாத்தில் காங்கிரஸ் குழு அவரது தீர்மானத்தை 15க்கு எதிராக 120 வாக்குகளால் தள்ளியது. பம்பாயில் அவர்மேல் தார் வீசப்பட்டது. அவர் காங்கிரசைவிட்டு விலகினார், பேச்சை விடவில்லை. அவர் கூறியது சரியா என்னும் வழக்கு இன்றும் தீரவில்லை; அது நம் பொருளுமன்று. நாம் நோக்கவேண்டியது காந்தியடிகளின் நடத்தையை. அவர் கருத்தை மறுத்தார், மனிதரைத் தள்ளவில்லை. 1944இல் ஜின்னாவோடு பேசியபோது ராஜாஜி வகுத்த திட்டத்தையே அடிப்படையாகக் கொண்டார்.

எரேமியா 38ஆம் அதிகாரத்தை இவ்வொளியில் வாசிக்கலாம். முற்றுகைக்குள்ளான எருசலேமில், கல்தேயரிடம் சரணடைவதே பிழைக்கும் வழி என்றவரைப் பிரபுக்கள் துரோகியென்று துரவிலே இறக்கினர். எபெத்மெலேக் அரசியலில் அவரோடு உடன்பட்டானா என்பதை வேதம் சொல்லவில்லை. அவன் அறிந்தது, ஒருவர் சேற்றில் பட்டினியால் சாவார் என்பதே. கயிறு அக்குளை அறுக்காதபடி பழந்துணிகளையும் இறக்கினான். போதக ஊழியத்தின் இலக்கணம் அத்துணிகளில் இருக்கிறதென்று நான் மாணவருக்குச் சொல்வதுண்டு. 1975–77 நெருக்கடிநிலையின்போது யூஹானோன் மார்த்தோமா மெத்ரபோலீத்தா எதிர்த்துப் பிரதமருக்கு எழுதினார்; நம் சபைத் தலைவர்களுள் மிகப்பலர் வாளாவிருந்தனர். இறக்கக் கயிறுமில்லை, துணியுமில்லை.

வெளியே வந்த எரேமியா அரசனிடம் முன் சொன்னதையே சொன்னார். சிதேக்கியா அதை மறுக்கவுமில்லை. தன்னைப் பரியாசம் பண்ணுவார்கள் என்றே அஞ்சினான். இப்பேச்சை ஒருவரும் அறியலாகாது என்று கேட்டுக்கொண்டு அவரை அனுப்பிவிட்டான்.