‘நீ’ யாருக்கு, ‘நீங்க’ யாருக்கு?

தென்மாவட்டக் கோயில் திருவிழாக்களில் மரியாதை என்பது மனத்துக்குள் இருக்கும் உணர்வு அல்ல, கையில் வாங்கும் பொருள். தலையில் கட்டும் பரிவட்டம், கழுத்தில் விழும் மாலை, தட்டில் வரும் காளாஞ்சி. முதல் மரியாதை யாருக்கு, அடுத்தது யாருக்கு என்ற வரிசைக்காகப் பங்காளிகள் பிரிந்திருக்கிறார்கள், தேர் நிலையை விட்டு நகராமல் நின்றிருக்கிறது, நீதிமன்றத்தில் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்திருக்கிறது. ‘மரியாதை’ என்ற சொல்லுக்கு வடமொழியில் எல்லை என்றும் பொருள் உண்டு. தமிழுக்கு வந்த பிறகும் அந்தக் கோடு அழியவில்லை. ‘மரியாதை தெரியாதவன்’ என்று ஒருவரைத் திட்டும்போது, தன் இடம் எதுவென்று தெரியாதவன் என்றுதான் சொல்கிறோம். ‘மரியாதையாப் போயிடு’ என்றால் அதில் இருப்பது மிரட்டல் மட்டுமே.

பழந்தமிழில் நிலைமை வேறு. புறநானூற்றுப் புலவர்கள் வேந்தனை முன்னால் நிறுத்தி ‘நீ’ என்றுதான் பேசினார்கள். அதில் அவமதிப்பு இருந்ததாக எந்த அரசனும் எண்ணியதாகத் தெரியவில்லை. ஒருவரைப் பன்மையில் சொல்வது மக்கள் வழக்கில் வந்த உயர்வுச் சொல், இலக்கண நெறி அன்று என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் சொல்கிறது. பிற்காலத்தில்தான் பன்மையின் மேல் இன்னொரு பன்மை ஏறி ‘நீங்கள்’ வந்தது, ‘அவர்கள்’ வந்தது. இடையில் இருந்த ‘நீர்’ நெல்லை, குமரிப் பக்கத்துப் பேச்சிலும் யாழ்ப்பாணத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இத்தனை படிகள் மொழிக்கு எதற்கு? ஊரில் படிகள் இருந்தன, மொழியிலும் வந்து சேர்ந்தன.

கொங்கு நாட்டை எடுத்துக்கொள்வோம். ‘ங்க’ சேர்க்காமல் ஒரு வாக்கியம் முடியாத பகுதி. ‘வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க’ என்று சிறு பிள்ளைகளிடமும் பேசும் பணிவைத் தமிழ்நாடே மெச்சும். அதே ஊரின் களத்துமேட்டை ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பார்த்தவர்களுக்கு இன்னொரு காட்சியும் தெரியும். பண்ணையக்காரர் வீட்டுப் பையனுக்குப் பத்து வயது, பண்ணையத்து ஆளுக்கு அறுபது. பையன் பேரைச் சொல்லி ‘வாடா இங்க’ என்பான். பெரியவர் செருப்பை வேலியோரம் விட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, ‘என்னங்க சாமி’ என்று வந்து நிற்பார். தாகம் என்றால் குனிந்து ஏந்திய கையில் தண்ணீர் ஊற்றுவார்கள். பெருமாள்முருகன் ‘கூளமாதாரி’யில் எழுதியது இந்த உலகத்தைத்தான். அந்தப் பையனை யாரும் மரியாதை தெரியாதவன் என்று சொல்லவில்லை. ஊர் கற்றுக்கொடுத்த மரியாதையைத்தான் அவன் சரியாகச் செய்தான்.

1925-இல் பெரியார் தொடங்கிய இயக்கத்துக்குச் சுயமரியாதை என்று பெயர் வைத்ததன் வீச்சு இதை நினைத்தால்தான் புரியும். கோயில் வாசலில் ஒருவர் கொடுத்து மற்றவர் வாங்கிக்கொண்டிருந்த ஒன்று, யாரும் கொடுக்காமலே ஒவ்வொருவரிடமும் இருக்கிறது என்று அந்தப் பெயர் அறிவித்தது. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு, பேருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொன்னது. தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலோர் பெயருக்குப் பின் சாதி இல்லை. இந்தியாவின் பல மாநிலங்களில் இன்றும் இது நடக்கவில்லை. இதற்கும் முன்பே, 1922-இல், எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தையொட்டி, சென்னை மாகாண அரசு இழிவான பெயர்களை விட்டு ‘ஆதிதிராவிடர்’ என்று எழுத ஆணையிட்டது. அண்ணா ஆட்சியில் ஸ்ரீ, ஸ்ரீமதி போய்த் திரு, திருமதி வந்தன. பின்னர் ஊனமுற்றோர் என்ற சொல் மாற்றுத்திறனாளி ஆனது, திருநங்கை என்ற சொல் அரசு ஆவணத்திலும் பத்திரிகையிலும் நிலைத்தது. பேரை மாற்றினால் வயிறு நிறையுமா என்று கேட்டவர்கள் உண்டு. தன்னைக் கூப்பிடும் சொல்லே வசையாக இருந்தவர்கள் அப்படிக் கேட்கவில்லை.

வீட்டுக்குள்ளும் ஒரு வரிசை இருந்தது. அப்பா ‘நீங்க’, அம்மா ‘நீ’. அப்பா வந்தாரு, அம்மா வந்தா. கணவன் பேரைச் சொன்னால் ஆயுள் குறையும் என்று நம்பிய தலைமுறையில், ரேஷன் கார்டுக்கு விவரம் எழுத வந்தவரிடம் ‘பழனியில நிக்கிறாரே, அவரு பேருதான்’ என்று சொன்ன பெண்கள் உண்டு. கணவனோ அவளை ‘ஏ புள்ள’ என்றும் ‘இந்தா’ என்றும் கூப்பிடுவான். இன்று நகரத்து இளம் தம்பதிகள் ஒருவரையொருவர் பேர் சொல்லியே கூப்பிடுகிறார்கள், பிள்ளைகள் அப்பாவையும் ‘நீ’ என்கிறார்கள். மரியாதை போய்விட்டது என்று பெரியவர்கள் வருந்துகிறார்கள். அந்த வருத்தத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இருபக்கமும் போய்வரும் ‘நீ’ நெருக்கத்தைச் சொல்கிறது. மேலிருந்து கீழே இறங்கி மட்டும் வந்து, திரும்பிப் போக வழியில்லாத ‘நீ’தான் அவமதிப்பு. அம்மாவுக்கு அந்தக் காலத்தில் கிடைத்த ‘நீ’யில் பாசம் இருந்தது, உண்மை. அப்பாவுக்கு ஏன் அதே பாசம் கிடைக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

இன்றைய தெருவில் கேட்டுப் பார்த்தால் ‘சார்’ பெருகிவிட்டது. ஆட்டோக்காரரை ‘அண்ணா’ என்கிறோம், பேருந்து நடத்துநரும் பயணியும் ஒருவரையொருவர் ‘சார்’ என்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவரையும் ‘அவர்’ என்றே எழுதும் நாளிதழ்கள் வந்துவிட்டன. இவையெல்லாம் உண்மையான முன்னேற்றம்.

ஆனால் ஒரு வங்கிக் கிளையில் நான் கண்டதையும் சொல்ல வேண்டும். வரிசையில் முதியோர் உதவித்தொகை வாங்க வந்த அம்மா, எழுபது வயதைத் தாண்டியவர், முந்தானையில் முடிந்த பாஸ்புத்தகத்தோடு நின்றார். கவுன்ட்டரில் இருந்த இளைஞர் நிமிராமலே ‘ஏம்மா, உன்ன நேத்தே வரச் சொன்னேன்ல, எங்க போன நீ?’ என்றார். அந்த அம்மா ‘இல்லீங்க சார்’ என்றார். அடுத்து நின்றவர் இஸ்திரி போட்ட சட்டைக்காரர், கவுன்ட்டர் இளைஞரை விடச் சின்னவர். ‘சொல்லுங்க சார்’ என்று முகம் மலர்ந்தது. களத்துமேட்டுப் பையனின் இடத்துக்கு ஒரு கவுன்ட்டர் கண்ணாடி வந்திருக்கிறது. காவல் நிலைய வாசலிலும், அரசு மருத்துவமனைப் படுக்கை அருகிலும், குப்பை வண்டி நிற்கும் தெருமுனையிலும் இதையே கேட்கலாம்.

கூப்பிடும் சொல்லைவிட உட்காரும் நாற்காலியின் கதை இன்னும் கொடியது. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால், 1996-இலிருந்து 10 ஆண்டுகள் தலைவர் ஒருவரும் நிலைக்க முடியவில்லை. 2006-இல்தான் அந்தத் தடை உடைந்தது. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்க மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படத்தை நாடே பார்த்தது. வாக்குச்சீட்டு கொடுத்த இடத்தை அந்த அறை தர மறுத்தது.

மேலிருப்பவர்கள் தாமாக விட்டுக்கொடுத்த இடங்களும் உண்டு. உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தபோது கே. சந்துரு தன்னை ‘மை லார்ட்’ என்று விளிக்க வேண்டாம் என வழக்கறிஞர்களைக் கேட்டுக்கொண்டார். 2021-இல் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து மாத்தூர் ஊராட்சி, அலுவலகத்துக்கு வரும் மக்கள் ‘சார்’, ‘மேடம்’ சொல்ல வேண்டியதில்லை என்று தீர்மானம் போட்டது. ஊழியரின் பேரையோ பதவியையோ சொன்னால் போதும்.

நம் அலுவலகங்களுக்கு இதன் மறுபாதியும் தேவை. காவல் நிலையம், தாலுகா அலுவலகம், வங்கி, மருத்துவமனை, எதுவானாலும் வந்து நிற்பவர் யாராக இருந்தாலும் ‘நீங்க’ என்றுதான் பேச வேண்டும் என்று அரசு ஆணையிட வேண்டும், பயிற்சியிலேயே அதைப் பழக்க வேண்டும். ஒரு பைசா செலவில்லாத காரியம். அந்த ஆணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத இடம் நம் வீடு. பாத்திரம் தேய்க்க வருபவரை உங்கள் பிள்ளைகள் பேர் சொல்லி ‘வா, போ’ என்று கூப்பிட்டால், இன்றைக்கே திருத்துங்கள். ‘அக்கா, வாங்க’ என்று சொல்லச் சொல்லுங்கள். முதலில் நீங்கள் சொல்லிக் காட்டுங்கள்.