ஒரே டேப்பில் ஆர்டரும் கணக்கும்

பார்வை இல்லாதவர்கள் போனும் டேப்பும் வைத்திருப்பதைப் பார்த்தால், "பாவம், எப்படித்தான் பண்றாங்களோ" என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போய்விடுகிறோம். எப்படிப் பண்றாங்க என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சர்க்கரை நோயாளிகள் இருக்கிற வீடுகளுக்கு அவசியம் உதவும்.

என் கணவரின் அக்கா திருவொற்றியூரில் இருக்கிறார். சர்க்கரையால் இரண்டு கண்ணும் போய்விட்டது. காசிமேட்டிலிருந்து நெத்திலி, சென்னாகுன்னி, வாளைக் கருவாடு வாங்கி, சுத்தம் பண்ணி விற்பது அவர் தொழில். கருவாட்டின் தரம் விரலுக்கும் மூக்குக்கும் தெரியும்; அதில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. ஆனால் இந்தக் காலத்தில் ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தானே வருகிறது! பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வந்து படித்துச் சொல்வதற்குள் பாதிப் பேர் வேறு இடத்தில் வாங்கிவிடுவார்கள். அதைவிடக் கொடுமை, பணம் வந்ததா என்று பார்க்க அக்கம்பக்கத்தில் போனைக் கொடுப்பது. ஓ.டி.பி. எண்ணைக்கூட அவர்களே படித்துச் சொல்வார்களாம். கேட்டதும் எனக்குப் பகீரென்றது. நல்லவர்கள்தான், இருந்தாலும் பணம் பணம்தானே.

ஆண்ட்ராய்டு டேப்பில் 'டாக்பேக்' என்று ஒன்று உண்டு. ஐபேடில் அதற்கு 'வாய்ஸ்ஓவர்' என்று பெயர். இரண்டுக்கும் தனியாகக் காசு கிடையாது. ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் செட்டிங்ஸில் 'அணுகல்தன்மை' என்ற இடத்தில் இருக்கும். அதைப் போட்டுவிட்டால், விரல் பட்ட இடத்தில் என்ன இருக்கிறதோ அதைப் பேசும், தமிழிலும் பேசும். வலப்பக்கம் ஒரு தள்ளு தள்ளினால் அடுத்ததற்குப் போகும். வேண்டியதைக் கேட்டதும் இரண்டு தட்டு தட்டினால் திறக்கும். இந்த மூன்றையும் அண்ணி ஒரே வாரத்தில் பழகிவிட்டார்.

சிக்கல் அதற்கப்புறம்தான். வாட்ஸ்அப்பில் ஆர்டரைக் கேட்க வேண்டும், கணக்கு எழுதுகிற குறிப்பேட்டுக்குப் போக வேண்டும், மறுபடி வாட்ஸ்அப்புக்கு வர வேண்டும். அதற்குள் அரைக் கிலோவா, முக்கால் கிலோவா என்று மறந்துபோகும். ஆண்ட்ராய்டில் 2016 முதல் திரையை இரண்டாகப் பிரித்து இரண்டு செயலிகளைச் சேர்த்து வைக்கிற வசதி இருக்கிறது. அதைச் சொன்னதும் அண்ணி, "இன்னாம்மா, ஒரே நேரத்துல ரெண்டு பேர் பேசுனா எனக்கு எப்படிம்மா புரியும்?" என்றார்.

நியாயமான கேள்வி! கண் ஒரே பார்வையில் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிடும். காதுக்கு ஒவ்வொன்றாகத்தான் போக வேண்டும். ஆனால் திரை பிரிந்திருந்தாலும் டாக்பேக் இரண்டையும் சேர்த்துப் படிக்காது. விரல் எந்தப் பாதியில் இருக்கிறதோ அதை மட்டும்தான் படிக்கும். டேப்பைப் படுக்கவைத்துப் பிடித்தால் இடக்கைப் பக்கம் வாட்ஸ்அப், வலக்கைப் பக்கம் கணக்கு. அடுப்பில் இடப்பக்கம் குழம்பு, வலப்பக்கம் சோறு என்று நமக்குக் கையே பழகிப்போவதில்லையா, அது மாதிரிதான். டேப் வாங்கினால் அகலமானதாக வாங்குங்கள். போனிலும் பிரிக்கலாம், ஆனால் பாதித் திரையில் விரல் தடுமாறும்.

செய்முறை இதுதான். முதலில் இரண்டு செயலிகளையும் ஒருமுறை திறந்து வையுங்கள். விரலை எடுக்காமல் இடப்பக்கம் இழுத்து அப்படியே மேலே கொண்டுபோனால், கடைசியாகத் திறந்தவற்றின் வரிசை வரும். அதில் வாட்ஸ்அப்பின் படத்தை இரண்டு தட்டு தட்டினால், திரையைப் பிரிக்கச் சொல்லும் வரி ஒன்று இருக்கும். அதன் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அடுத்த செயலியைக் காட்டினால் முடிந்தது. மறுபாதிக்குப் போக, தள்ளித் தள்ளிப் போகாமல் அந்தப் பாதியை நேராகத் தொடுவதே சுலபம். சில செயலிகள் பிரிவதற்கு ஒத்துக்கொள்ளாது.

ஐபேடிலும் 2015 முதல் இந்த வசதி உண்டு. ஆனால் 2025இல் வந்த புது மென்பொருளில் முறையையே மாற்றிவிட்டார்கள். பழைய குறிப்பை வைத்துக்கொண்டு தேடிக் களைத்துப் போகாதீர்கள்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு தொல்லை, கன்டெய்னர் லாரிகள். எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் போனால் ஜன்னல் கண்ணாடியே அதிரும். இதில் டேப் பேசுவது எங்கே கேட்கும்? அதற்காக இரண்டு காதையும் அடைத்துக்கொண்டால் வாசலில் யார் வந்தாலும் தெரியாது. அதனால் ஒரு காதில் மட்டும் இயர்போன். ஒரு பாதியில் பாட்டோ செய்தியோ ஓடினால், டாக்பேக் பேசும்போது அதன் சத்தத்தைத் தானாகக் குறைக்கிற ஏற்பாடும் செட்டிங்ஸில் இருக்கிறது. பணம் அனுப்பும்போது இயர்போன் போட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் ரகசிய எண்ணை ஊருக்கே படித்துக் காட்டிவிடும். திரையைக் கருப்பாக்கி வைக்கும் வசதியும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது, விரலுக்கு மட்டும் வேலை செய்யும். இன்னொன்று, பணம் 'வருவதற்கு' யூ.பி.ஐ. பின் எண் தேவையே இல்லை. அதைக் கேட்கிறவன் திருடன்.

இது வியாபாரத்துக்கு மட்டுமல்ல. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். கண் தெரிந்தவர்கள் நாலு பேர் ஓடுவதைப் பார்த்து ஓடலாம். பார்வை இல்லாதவர் வீட்டில் தனியாக இருந்தால், எந்தப் பக்கம் போவது என்று யாரைக் கேட்பார்? ஒரு பாதியில் தெரு குரூப், மறுபாதியில் செய்திச் சேனல் என்று வைத்துக்கொண்டால், குரூப்பில் வருவது நிஜமா வதந்தியா என்று அங்கேயே சரிபார்க்கலாம். அண்ணி இப்போது மழைக்காலம் முழுக்க அப்படித்தான் வைத்திருக்கிறார்.

இப்போது ஆர்டர் வந்த பத்தாவது நிமிஷம் கணக்கில் ஏறிவிடுகிறது. பிள்ளைகள் நிம்மதியாக விளையாடப் போகிறார்கள். மிச்சமிருக்கும் ஒரே தலைவலி, சிலர் சீட்டில் கிறுக்கி அதை போட்டோ எடுத்து அனுப்புவதுதான். 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு டேப் வாயை மூடிக்கொள்ளும். "எழுதி அனுப்புங்க, இல்லாட்டி பேசி அனுப்புங்க. சீட்டு அனுப்புனா கருவாடு வராது" என்று அண்ணி எல்லோருக்கும் குரல் செய்தி அனுப்பியிருக்கிறார்.

- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை