தலைமன்னார் வழியும் றொசல்லையும்

இரண்டு நாடுகளைச் சேர்க்கும் சரக்கு ரயில் பாதை என்றால் இப்போது ஆப்பிரிக்காவைத்தான் சொல்கிறார்கள். அங்கோலாவின் லொபிட்டோ துறைமுகத்திலிருந்து கொங்கோவின் செப்புச் சுரங்கங்களுக்குப் போகும் பாதையைச் சாம்பியாவுக்கும் நீட்டத் திட்டமிருக்கிறது. இலங்கை மலைநாட்டிலுள்ள நம் றொசல்லைக்கு இது புதிதல்ல. 1914 முதல் நமது ஸ்டேசனும் அப்படியொரு வழியோடு சேர்ந்திருந்தது.

சென்னை எழும்பூரில் ஏறி, பாம்பன் பாலம் தாண்டி, தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் பிடிக்க வேண்டும். சுமார் 30 கிலோமீட்டர் கடல். தலைமன்னாரில் மறுபடி கோச்சி. மதவாச்சி, அநுராதபுரம், மாகோ என்று வந்து, தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் பொல்கஹவெலையில் மலைப்பாதைக்கு மாறினார்கள். அதற்கு முன்பு மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து, வழியிலேயே செத்தவர்கள் ஏராளம்.

ஆள் இறங்கி ஏறலாம், மூட்டைக்கு அது செலவு. ஒவ்வொரு இடத்திலும் கூலி, தாமதம், சேதம். அன்று இந்தியக் கரையில் மீட்டர் பாதை. இங்கே 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை. பெட்டியைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தாலும் நம் தண்டவாளத்தில் ஓடாது. ஆப்பிரிக்காவிலும் இதே சிக்கல்தான். தன்சானியாவையும் சாம்பியாவையும் இணைக்க 1970களில் சீனா கட்டிக்கொடுத்த 1,860 கிலோமீட்டர் தஸாரா பாதையின் அகலமும் தன்சானியாவின் பழைய பாதையின் அகலமும் வேறு வேறு. கென்யாவின் புதிய பாதையோ உகண்டா எல்லையைத் தொடாமல் நைவாஷாவோடு நின்றது.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. அதே வருடம் ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி நம் மலையகச் சனத்தை இந்தியாவுக்கு அனுப்பியதும் பெரும்பாலும் அந்த வழியேதான். லயங்களில் பிறந்தவர்களை முன்பின் பாராத ஊருக்கு ஏற்றிச்சென்ற பாதை அது. வெறும் வர்த்தகக் கணக்காக அதை என்னால் பார்க்க முடியவில்லை.

போர்க்காலத்தில் கப்பல் நின்றது, ரயிலும் நின்றது. 2015இல் தலைமன்னார் வரை ரயில் திரும்பியது. ராமேஸ்வரப் பாதையும் அகலப் பாதையாகிவிட்டது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலமும் திறந்தாயிற்று. இன்று இரு கரையிலும் தண்டவாள அகலம் ஒன்றே. மிச்சமிருப்பது கடலும் சுங்கமும்.

தரைவழித் தொடர்பு பற்றி ஆராய 2023இல் இந்திய, இலங்கை அரசுகள் இணங்கின. அதில் பேசப்பட்டது கொழும்பு, திருகோணமலைத் துறைமுகங்களைப் பற்றி. மலைநாட்டுத் தேயிலையோ இன்று பெரும்பாலும் லொறியில்தான் கொழும்புக்குப் போகிறது. வட்டவளை, றொசல்லை, அட்டன் ஸ்டேசன்களில் தேயிலையும் மரக்கறியும் ஏற்றும் வசதியைத் திட்டத்தில் முதலிலேயே சேர்க்கச் சொல்லி நம் பிரதிநிதிகள் இப்போதே கேட்க வேண்டும்.