பெயருக்கு யார் பாயிரம் எழுதுவது?

1

ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள முன்பெல்லாம் நாலு பேரிடம் விசாரிப்போம். இன்று பெயரைத் தேடுபொறியில் தட்டுகிறோம். வேலை தருபவர், வீடு வாடகைக்கு விடுபவர், சம்பந்தம் பேச வருபவர் எல்லோருமே முதலில் பார்ப்பது அந்த முதல் பக்கத்தைத்தான். அது நம்மைப் பற்றிய ஒரு பிரதி. எழுதியது நாமல்ல, ஆனால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

இந்தப் பிரதியை 'நிர்வகிக்க' வேண்டும், பெயரை ஒரு பிராண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்கிறது சந்தை. தனிமனிதன் தன்னையே பிராண்டாகக் கருத வேண்டும் என்று டாம் பீட்டர்ஸ் 'ஃபாஸ்ட் கம்பெனி' இதழில் எழுதியது 1997இல். பிராண்ட் என்ற சொல்லின் பூர்வீகம் சூட்டுக்கோல். மாட்டின் மேல் உடைமையாளன் இட்ட சூடு. அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் மனித உடலின் மேலும் அது இடப்பட்டது. அங்கே சூடு போடுபவன் வேறு, வாங்குபவன் வேறு. இன்றைய சொல்லாடலின் சாமர்த்தியம், கோலை நம் கையிலேயே கொடுத்து 'நீயே போட்டுக்கொள், இதுதான் சுதந்திரம்' என்பது.

இதனால் தேடல் முடிவுகளைப் பற்றி நாம் கவலைப்படத் தேவையில்லை என்று ஆகிவிடாது. சந்தையின் மொழியில் கவலைப்படத் தேவையில்லை, அவ்வளவுதான்.

2

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இந்த இடத்தில் நன்னூல் ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியாது. எல்லாம் கற்றவனானாலும் தன்னைத்தானே புகழ்வது தகாது என்கிறார் பவணந்தி. சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியன் எழுதக் கூடாது. அவனுடைய ஆசிரியரோ, உடன் கற்றவரோ, மாணாக்கரோ, உரைகாரரோதான் எழுத வேண்டும்.

1998இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் முன்வைத்த பேஜ்ரேங்க் முறையும் ஏறக்குறைய இதையே சொன்னது. ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது முக்கியமல்ல, மற்ற பக்கங்கள் எத்தனை அதைச் சுட்டுகின்றன, சுட்டுகிற பக்கங்களின் மதிப்பு என்ன என்பதே முக்கியம். கல்விப்புல மேற்கோள் முறையிலிருந்து எடுத்துக்கொண்ட தர்க்கம் இது. பிற்பாடு எத்தனையோ கணக்குகள் சேர்ந்துவிட்டாலும் அடிப்படை இதுதான்: பாயிரம் பிறர் எழுத வேண்டும்.

'நற்பெயர் மேலாண்மை' என்ற தொழில் இந்த விதியைப் போலி செய்கிறது. பாதகமான செய்தியை அழிக்க முடியாது, ஆனால் கீழே தள்ளலாம். பத்துச் சாதகமான பக்கங்களை உண்டாக்கி, ஒன்றையொன்று சுட்டவைத்து மேலே ஏற்றினால், பழையது இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடும். அங்கே எட்டிப் பார்ப்பவர் மிகக் குறைவு. ஆக, தற்புகழ்ச்சி பிறர் குரலில் வருகிறது. கூலிக்குப் பாயிரம்.

2011 நவம்பர் 18. டேவிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகத்தில், தரையில் உட்கார்ந்து போராடிய மாணவர்களின் முகத்தில் வளாகப் போலீஸ் மிளகுத் தூளிப்பானை அடித்தது. உலகமே பார்த்த படம். பல்கலைக்கழகம் பிறகு என்ன செய்தது தெரியுமா? தேடல் முடிவுகளிலிருந்து அந்தச் சம்பவத்தை மறையச் செய்ய ஆலோசனை நிறுவனங்களுக்குக் குறைந்தது 1,75,000 டாலர் கொடுத்தது. 2016இல் 'சாக்ரமென்டோ பீ' நாளேடு இதை வெளியே கொண்டுவந்ததும், மறைக்க நினைத்த விஷயம் மறுபடி முதல் பக்கத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

3

இங்கே ஒரு கேள்வி எழும். மறைப்பது அதிகாரத்தின் வேலை என்றால், மறக்கப்படும் உரிமை யாருக்குமே வேண்டாமா?

ஸ்பெயினில் மாரியோ கோஸ்தெஹா என்பவரின் பழைய கடனுக்காக அவரது சொத்து ஏலத்துக்கு வந்த அறிவிப்பு 1998இல் 'லா வான்குவார்தியா' நாளேட்டில் வெளியானது. கடன் விவகாரம் முடிந்து பல்லாண்டுகளுக்குப் பிறகும் அவர் பெயரைத் தேடினால் அதுவே வந்தது. 2014 மே 13 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நாளேட்டின் பக்கம் இருக்கலாம், அவர் பெயரைத் தேடினால் அது வரக் கூடாது. நினைவுக்கும் நினைவூட்டலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டம் ஒப்புக்கொண்ட தருணம் அது.

நமக்கு இது தொலைதூரச் செய்தியல்ல. விடுதலை பெற்ற ஒருவர், தீர்ப்பில் உள்ள தன் பெயரை மறைக்கக் கேட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டில் 2024இல் அவர் கேட்டது கிடைத்தது. அந்த ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

போராளிகளின் கதையும் இதுதான். கூடங்குளம் அணுஉலைப் போராட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். கைது, செய்தி. வழக்கு வாபஸானாலோ விடுதலையானாலோ பெரும்பாலும் ஒருவரியும் வராது. தேடுபொறிக்குத் தெரிந்ததெல்லாம் கைது மட்டுமே.

இன்னொன்று, சாதி. 1929 செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் உள்ள சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொன்னது. பெயரின் வாலை வெட்டினோம். தேடல் பெட்டி அதை ஒட்டவைக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் பி.வி. சிந்து வெள்ளி வென்றபோது அவர் பெயரோடு சாதியையும் சேர்த்துத் தேடினார்கள் என்று அப்போதே பத்திரிகைகள் எழுதின. இதில் இயந்திரத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாம் கேட்பதைத்தான் அது கற்றுக்கொள்கிறது.

அதிகாரத்திலிருப்பவர்களுக்கோ மறதி சுலபமாகக் கிடைக்கிறது. 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் 44(3) பிரிவால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றியது. பொதுநலன் பெரிதென்றால் தனிப்பட்ட தகவலையும் தரலாம் என்று அப்பிரிவுக்குள்ளேயே இருந்த வாசகம் போய்விட்டது. அந்தரங்கம் என்ற பெயரில் அதிகாரியின் கோப்பு மூடப்படுகிறது, போராளியின் கைது திறந்தே கிடக்கிறது.

4

சரி, அதுக்கு நாம என்னதான் செய்யறது? நன்னூலே வழி சொல்கிறது. தற்புகழ்ச்சி கூடாது என்ற பவணந்தி நான்கு இடங்களில் அதை அனுமதிக்கிறார்: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றல் அறியாதவர் நடுவில், அவையில் வாதிட்டு வெல்லும்போது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது. நாலும் இன்று முதல் பக்கத்திலேயே நடக்கின்றன. ஆகவே உங்கள் பெயரில் உங்களுக்கென்று ஒரு பக்கம் வைத்துக்கொள்வதில் கூச்சம் வேண்டாம். தமிழிலும், ரோமன் எழுத்தில் உங்கள் பெயர் புழங்கும் எல்லா வடிவங்களிலும் பெயரைப் போடுங்கள். புனைபெயரையும் இயற்பெயரையும் இணைப்பதா பிரிப்பதா என்பதை நீங்களே தீர்மானியுங்கள், இயந்திரத்திடம் விடாதீர்கள். பெண் எழுத்தாளர்களுக்கு இது பாதுகாப்புப் பிரச்சினையும்கூட. தொலைபேசி எண்ணோ வீட்டு முகவரியோ வெளியாகியிருந்தால், அந்த முடிவுகளை நீக்கக் கோரும் வழியைக் கூகுள் 2022இல் விரிவுபடுத்தியது. மூலப் பக்கம் அதனால் அழியாது, அதற்குத் தனியாகப் போராட வேண்டும்.

நமது சிற்றிதழ்ப் பழைய இதழ்கள் பல வெறும் படங்களாகவும், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலும் கிடக்கின்றன. ஒருங்குறியில் தேடுபவனுக்கு அவை அகப்படுவதில்லை. அந்த எழுத்துகளை ஆண்டு, இதழ் விவரத்தோடு மறுபடி தட்டச்சு செய்து ஏற்றுவது எந்தப் பிராண்ட் ஆலோசகரும் செய்யாத வேலை.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் இன்னொருவரைப் பற்றி எழுத வேண்டும். தோழர் ஒருவர் விடுதலையானால், அவர் சம்மதித்தால், வழக்கு எண்ணும் தேதியும் போட்டு அதை எழுதுங்கள். கைதுச் செய்தி போட்ட பத்திரிகைக்கு விடுதலைத் தீர்ப்பின் நகலை அனுப்பி, பழைய செய்தியின் அடியில் அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்கும்வரை விடாதீர்கள். பாயிரம் எழுதும் உரிமை உடன் கற்றவருக்கு உண்டு.