சட்டமும் மாறல, பேச்சும் மாறல... வ.உ.சி.யின் 40 ஆண்டு தண்டனை 6 ஆண்டானது எப்படி?

தூத்துக்குடி துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர்தான். அவர் சிறையில் செக்கிழுத்ததும் நமக்குத் தெரியும். ஆனா, அவருக்கு எத்தனை வருஷம் தண்டனைன்னு எப்படி முடிவு பண்ணாங்க?

என்ன வழக்கு?

சுதேசிக் கப்பல் கம்பெனி நடத்திய வ.உ.சி., கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பின், 1908 மார்ச் 12-ல் கைதானார். ராஜதுரோகம், அதாவது 124ஏ பிரிவில் வழக்கு.

சட்டம் என்ன சொன்னது?

அரசு மீது வெறுப்பைத் தூண்டிப் பேசினால் குற்றம். எது விமர்சனம், எது வெறுப்பு? அளக்க அளவுகோல் இல்லை. தண்டனையோ வெறும் அபராதத்தில் தொடங்கி, ஆயுள் முழுக்க நாடு கடத்துவது வரை. நடுவில் எங்கே நிற்பது என்பது நீதிபதியின் விருப்பம்.

என்ன தீர்ப்பு?

ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே, பேசியதற்கு 20 ஆண்டு, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 ஆண்டு என்றார். மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை 6 ஆண்டாகக் குறைத்தது. அதே பேச்சு, அதே சட்டம். மாறியது நீதிபதிகளின் பார்வை மட்டும்தான்.

1912 டிசம்பரில் வ.உ.சி. வெளியே வந்தபோது, கப்பல் கம்பெனியே இல்லை.

இப்போ என்ன நிலை?

வன்முறையைத் தூண்டினால்தான் 124ஏ பொருந்தும் என 1962-ல் உச்ச நீதிமன்றம் எல்லை போட்டது. 2022 மே 11-ல் அந்தப் பிரிவையே நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 152-வது பிரிவு வந்திருக்கு. நாட்டின் இறையாண்மைக்கு ஆபத்து விளைவித்தால் ஆயுள் தண்டனை, அல்லது 7 ஆண்டு வரை சிறை.

எது 'ஆபத்து'? அதை முடிவு பண்றது இன்னைக்கும் நீதிபதிதான்.