வில்வித்தைக்கு ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கப் போறீங்களா? 1,000 கெஜம் வேண்டாம், 60 மீட்டர் போதும்!

உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனத்தின் பெயரிலேயே புலியும் இருக்கிறது, வனமும் இருக்கிறது. புலிக்கால் கொண்ட வியாக்ரபாத முனிவர் வழிபட்ட தலம் என்பது ஐதீகம். கோயில் கொண்டிருக்கும் இறைவனின் பெயரும் வியாக்ரபுரீஸ்வரர்தான். ஆனால், இன்று ஊரைச் சுற்றி இருப்பது வயல்வெளி.

வாரம் முழுக்க ஒரகடத்துக்கு கம்பெனி பஸ் ஏறும் இளைஞர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் அறுவடை முடிந்த வயலில் வில் பழகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அம்பு ஒருநாள் மேலே போகிறது, ஒருநாள் கீழே போகிறது. 'தூரத்தைச் சரியா கணிக்கல' என்கிறார் நண்பர். உடனே செல்போனில் 'விலை குறைந்த ரேஞ்ச்ஃபைண்டர்' என்று தேடினால், வருவதெல்லாம் அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கான விமர்சனங்கள். அதைப் பார்த்து வாங்கினால் காசு வீணாக வாய்ப்பு அதிகம். ஏன்?

முதலில் சட்டம்

வில்லோ துப்பாக்கியோ, இந்தியாவில் வன உயிரின வேட்டைக்கு அனுமதி இல்லை. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை செய்கிறது. விலங்கைக் கொன்றால்தான் குற்றம் என்பதில்லை. பிடிப்பதும், பொறி வைப்பதும், அதற்கு முயற்சி செய்வதும்கூட சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு வரை சிறை. 'பன்றி வந்து வேர்க்கடலையை அழிக்குது' என்றாலும் நாமே வில் எடுக்க முடியாது. வனத்துறையிடம்தான் சொல்ல வேண்டும்.

ஆக, நமக்கு ரேஞ்ச்ஃபைண்டர் என்பது விளையாட்டுக்கான கருவி மட்டுமே.

5 மீட்டர் தப்பினால் என்ன ஆகும்?

விநாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் போகும் அம்பு, 40 மீட்டர் தூரத்தைக் கடக்க சுமார் 0.67 விநாடி எடுத்துக்கொள்கிறது. அதற்குள் புவியீர்ப்பு அதை 2 மீட்டருக்கு மேல் கீழே இழுத்துவிடும். இதை ஈடுகட்டத்தான் வில்லில் உள்ள சைட்டைத் தூரத்துக்கு ஏற்ப மாற்றுகிறோம். இலக்கு 45 மீட்டரில் இருக்க, 40 என்று நினைத்து சைட் வைத்தால் அம்பு ஏறக்குறைய ஒரு அடி கீழே போய்விடும். கை நடுங்கவே இல்லை, கணிப்புதான் தப்பு.

கருவி எப்படி அளக்கிறது?

பட்டனை அழுத்தியதும் கண்ணுக்குத் தெரியாத லேசர் துடிப்பு இலக்கில் பட்டுத் திரும்புகிறது. போய் வந்த நேரத்தை ஒளியின் வேகத்தோடு கணக்கிட்டு தூரம் சொல்கிறது. 40 மீட்டர் போய்த் திரும்ப ஒளிக்கு ஒரு விநாடியில் கோடியில் மூன்று பங்குகூட ஆகாது.

எதற்குக் காசு கொடுக்க வேண்டாம்?

நீண்ட தூரம்: பெட்டியில் பெரிதாக '1,000 கெஜம்' என்று போட்டிருப்பார்கள். ஒலிம்பிக்கில் ரிகர்வ் வில்லுக்கான தூரமே 70 மீட்டர். காம்பவுண்ட் வில் போட்டிகளில் 50 மீட்டர். ஃபீல்டு ஆர்ச்சரி எனப்படும் காடு, மேடு சுற்றி எய்யும் போட்டியில் அதிகபட்சம் 60 மீட்டர். ஆயிரம் கெஜத்துக்குத் தரும் கூடுதல் பணம் நமக்குப் பயன்படாது.

சரிவுக் கணக்கு: பலரும் ஏமாறும் இடம் இது. விலை குறைவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை கோல்ஃப் கருவிகள். கோல்ஃபில் 'ஸ்லோப்' வசதி, மேட்டை நோக்கி அடிக்கும்போது தூரத்தைக் கூட்டிச் சொல்லும். வில்லுக்குக் கணக்கே வேறு. மேட்டை நோக்கி எய்தாலும் பள்ளத்தை நோக்கி எய்தாலும், சைட் வைக்க வேண்டியது கிடைமட்டத் தூரத்துக்குத்தான். அது எப்போதும் குறைவாகவே இருக்கும். 30 டிகிரி சரிவில் கருவி 40 மீட்டர் காட்டினால், கணக்கில் கொள்ள வேண்டியது சுமார் 34.6 மீட்டர். கோல்ஃப் ஸ்லோப்பை நம்பினால் மேட்டில் தவறு இரட்டிப்பாகும். அதனால் அதை அணைத்து வைக்க முடிகிறதா என்று பாருங்கள். ஏலகிரி, கொல்லிமலை பக்கம் பழகுபவர்களுக்கு வில்லுக்கென்றே உள்ள சரிவு வசதி உதவும். திருப்புலிவனம் மாதிரி சமவெளியில் அது தேவையே இல்லை.

எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

* 10 முதல் 60 மீட்டருக்குள் துல்லியம். பிழை ஒரு மீட்டருக்குள் இருந்தால் போதும்.
* மீட்டருக்கு மாற்றும் வசதி. 40 கெஜம் என்பது 36.6 மீட்டர்தான். அலகைக் கவனிக்காவிட்டால் கருவி இருந்தும் அம்பு தப்பும்.
* முன்னால் இருக்கும் பொருளை முதலில் அளக்கும் வசதி. இல்லாவிட்டால் இலக்கை விட்டுவிட்டு பின்னால் இருக்கும் பனைமரத்தின் தூரத்தைச் சொல்லும்.
* பேட்டரி. சில கருவிகளுக்கான லித்தியம் பேட்டரி ஊர்க் கடையில் கிடைக்காது. போன் சார்ஜரில் ஏற்றக்கூடியது வசதி.
* கண்ணுக்குப் பாதுகாப்பான 'கிளாஸ் 1' லேசர் என்ற குறிப்பு.

கட்டட வேலைக்கான லேசர் மீட்டர் விலை குறைவுதானே என்று கேட்கலாம். வீட்டுக்குள் மில்லிமீட்டர் சுத்தமாக அளக்கும். ஆனால், வெயிலில் அதன் சிவப்புப் புள்ளி கண்ணுக்குத் தெரியாது. எதை அளக்கிறோம் என்றே புரியாது.

வாங்கியதும் ஒரு சோதனை. டேப் பிடித்து 20, 30, 40 மீட்டரில் குச்சி நட்டு அட்டை கட்டுங்கள். ஒவ்வொன்றையும் பத்து முறை அளந்து பாருங்கள், உச்சி வெயிலில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. ஒரு மீட்டருக்கு மேல் முன்னே பின்னே காட்டினால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

உண்மையில் வேணுமா?

ஒரே வயலில், ஒரே இலக்கை எய்து பழகுபவருக்கு 50 மீட்டர் டேப்பும் நாலு குச்சியும் போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல அம்பு வாங்கலாம். இலக்குக்குப் பின்னால் தப்பிய அம்பைத் தடுக்க மண்மேடு போடலாம். ஆடு மாடு மேயும் ஊரில் அதுதான் முதல் செலவு.

இடம் மாற்றி மாற்றி எய்பவருக்கு, ஃபீல்டு போட்டிக்குத் தயாராகிறவருக்கு ரேஞ்ச்ஃபைண்டர் உதவும். ஆனால் உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் ஃபீல்டு போட்டியில் அதை எடுத்துப் போக முடியாது. அங்கே பாதி இலக்குகளுக்குத் தூரமும் சொல்ல மாட்டார்கள், கண்தான் அளக்க வேண்டும். அதனால் கருவி கையில் இருந்தாலும் முதலில் கண்ணால் மதிப்பிட்டு எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் பட்டனை அழுத்துங்கள். சொன்னதும் காட்டியதும் நெருங்கி வரும் நாளில், கருவியை வாங்கிய காசு உங்களுக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தம்.