பாட்டி வளர்த்த கோழி ஏன் செத்தது? பூச்சியா, முதுமையா?

விடிந்ததும் கூண்டைத் திறந்தால் முதலில் ஓடி வருவது அந்தப் பெட்டைக் கோழிதான். ஒரு நாள் அது வரவில்லை. மூலையில் கழுத்தை மடித்தபடி விறைத்துக் கிடக்கிறது. முட்டையிடுவதை நிறுத்தி இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகிவிட்ட கோழி. குழம்பு வைக்கலாம் என்று பிள்ளைகள் சொன்ன போதெல்லாம் தடுத்துக் காப்பாற்றியவர் வீட்டுப் பாட்டி. இப்போது அவர் மனத்தைக் குடைவது ஒரே கேள்வி: "பூச்சி மருந்து கொடுக்காமல் விட்டதால்தான் போய்விட்டதோ?"

ஈப்போ, சிம்மோர், சுங்கை சிப்புட் வட்டாரங்களில் பால்மரத் தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு இந்தக் காட்சி புதியதன்று. லயத்து வீட்டின் பின்புறம் ஆடு, மாடு, கோழி என்று வாழ்ந்தவர்கள், தோட்டம் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. தரை வீடு கிடைத்தவர்கள் மட்டும் இரண்டொரு கோழியைக் கூடவே கொண்டு வந்தார்கள். ஆகவே, கோழி செத்தால் அது வெறும் கோழிச் சாவு அன்று. தோட்டத்தோடு இருந்த கடைசி உறவும் அறுந்து போனதாகவே வயதானவர்கள் எண்ணுகிறார்கள்.

அந்த வருத்தத்தோடு மூன்று கேள்விகளும் எழுகின்றன. கோழி எதனால் செத்தது? மற்றக் கோழிகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஆபத்து உண்டா? இதில் வளர்த்தவரின் தவறு ஏதும் உண்டா? இவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கோழியின் ஆயுள் எவ்வளவு?

முட்டைப் பண்ணைகளில் கோழியை ஏறக்குறைய ஒன்றரை வயதில் கழித்து விடுகிறார்கள். இறைச்சிக் கோழியின் ஆயுளோ சில வாரங்கள்தான். அதனால் கோழி முதுமை அடைவதை நம்மில் பலர் பார்த்ததே இல்லை. வீட்டில் பாசத்தோடு வளர்க்கப்படும் கோழி ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை வாழ்வது இயல்பு. பத்து ஆண்டுகளைத் தாண்டுவதும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 'பீனட்' என்ற கோழி, 20 வயதைக் கடந்த நிலையில், உயிரோடிருக்கும் உலகின் மிக வயதான கோழியாக 2023-ஆம் ஆண்டில் கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றது. அந்த ஆண்டின் முடிவில் அது இறந்தது. இது அபூர்வத்திலும் அபூர்வம். ஏழு, எட்டு வயதுக் கோழி ஒன்று தூக்கத்தில் இறந்தால் அது தன் ஆயுளை ஏறக்குறைய முழுமையாக வாழ்ந்து முடித்தது என்றே கொள்ள வேண்டும்.

பூச்சி இல்லாத நாட்டுக்கோழி உண்டா?

அப்படியானால் பூச்சிக்குப் பங்கே இல்லையா? இதற்கு விடை காண, கோழியின் உடலில் குடியிருக்கும் ஒட்டுண்ணிகள் எவை என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது உருளைப்புழு. கோழியின் சிறுகுடலில் வாழும் இது, வெண்மையாக 5 முதல் 12 சென்டிமீட்டர் நீளம் வரை இருக்கும். இதன் முட்டைகள் எச்சத்தோடு மண்ணில் விழுகின்றன. பேராக்கின் வெப்பமும் ஈரமும் அவற்றுக்கு மிகவும் ஏற்றவை. இரண்டொரு வாரங்களில் அவை தொற்றும் நிலையை அடைகின்றன. மண்ணைக் கிளறித் தின்னும் கோழி அவற்றையும் சேர்த்து விழுங்குகிறது.

இரண்டாவது நாடாப்புழு. இது நேராகக் கோழிக்குள் நுழைவதில்லை. எச்சத்திலுள்ள முட்டையை எறும்போ வண்டோ தின்ன வேண்டும். அந்த எறும்பைக் கோழி கொத்த வேண்டும். எச்சத்தில் அரிசி போன்ற வெள்ளைத் துணுக்குகள் நெளிந்தால் அது நாடாப்புழுவின் உடல் துண்டு.

இவை தவிர, குடலின் முடிவிலுள்ள பையில் வாழும் சிறு புழுக்கள், மூச்சுக்குழாயில் ஒட்டிக்கொண்டு கோழியை வாய் பிளக்க வைக்கும் செம்புழு, குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியா என்ற நுண்ணுயிர் ஆகியவையும் உண்டு. உடலின் வெளியே பேன், செள், கால் செதிலைத் தூக்கிச் சொரசொரப்பாக்கும் நுண்ணிய சிலந்திப்பேன் ஆகியவை வாழ்கின்றன.

இரத்தத்திலும் ஒட்டுண்ணிகள் உண்டு. கோழிக்கும் மலேரியா வரும் என்றால் பலர் வியப்படைவர். மலேரியா கொசுவால் பரவும் விதத்தை ரொனால்ட் ரோஸ் 1898-இல் கல்கத்தாவில் முழுமையாகக் கண்டறிந்ததே பறவைகளை வைத்துத்தான். கோழி மலேரியாக் கிருமி ஒன்றை, இலங்கைக் கோழியிலிருந்து கிடைத்ததைக் கொண்டு, பிரெஞ்சு விஞ்ஞானி புரும்ப்ட் 1935-இல் விவரித்தார். கொசுவைவிடச் சிறிய 'அகாஸ்' போன்ற கடிக்கும் ஈக்களால் பரவும் லியூக்கோசைட்டோசூன் என்ற இரத்த ஒட்டுண்ணி மலேசியக் கோழிகளிடமும் காணப்படுகிறது. இது தாக்கினால் கொண்டை வெளுக்கும். எச்சம் பச்சையாகப் போகும்.

இவ்வளவையும் கேட்டால் அச்சம் தோன்றலாம். ஆனால் ஓர் உண்மையை மறந்துவிடக் கூடாது. வெளியில் மேயும் கோழிகளில் பெரும்பாலானவற்றின் வயிற்றில் ஏதாவது ஒரு புழு இருக்கவே செய்யும். புழு இருப்பது வேறு. புழுவால் சாவது வேறு.

குற்றவாளியா, கூட இருந்தவரா?

உருளைப்புழு அதிகம் கொல்வது குஞ்சுகளையும் மூன்று மாதத்துக்கு உட்பட்ட இளங்கோழிகளையும்தான். அதற்குப் பிறகு கோழியின் உடலில் ஓரளவு எதிர்ப்புச் சக்தி வளர்ந்துவிடுகிறது. வயதான கோழி, புழுவோடு ஒருவகைச் சமாதானம் செய்துகொண்டே பல ஆண்டுகள் வாழ்கிறது.

அந்தச் சமாதானம் குலைவது எப்போது? கோழி வேறு காரணத்தால் தளரும்போதுதான். நோய் வந்து தீனி குறைந்தால் எதிர்ப்புச் சக்தியும் குறையும், புழுக்கள் பெருகும். அந்த நிலையில் செத்த கோழியை அறுத்துப் பார்ப்பவர் குடல் நிறையப் புழுவைக் கண்டு, "இதுதான் காரணம்" என்று முடிவு செய்துவிடுகிறார். உண்மையில் புழு குற்றவாளியாக இல்லாமல், குற்றம் நடந்த இடத்தில் கூட இருந்தவராக இருக்கலாம்.

வயதான பெட்டைக் கோழியின் பெரிய எதிரி அதன் முட்டைப் பையே ஆகும். காட்டுக்கோழி ஆண்டுக்கு 10, 15 முட்டைகளே இடும். மனிதன் பழக்கி வளர்த்த கோழி அதைப்போல் பல மடங்கு இடுகிறது. அந்த உழைப்பின் விலையை அது முதுமையில் கொடுக்கிறது. சினைப்பைப் புற்றுநோய் வயதான கோழிகளில் இயற்கையாகவே அதிகம் காணப்படுவதால், பெண்களுக்கு வரும் அதே நோயை ஆராயும் விஞ்ஞானிகள் கோழியை வைத்து ஆய்வு செய்கிறார்கள். மஞ்சள் கரு வழி தவறி வயிற்றுக்குள் விழுந்து அழுகுவதும் உண்டு. இவற்றோடு இருதயக் கோளாறு, ஈரல் கொழுப்பு, கடும் வெயில் ஆகியவையும் சேரும்.

கோழியைக் கையில் தூக்கிப் பார்த்தாலே சில குறிப்புகள் கிடைக்கும். நெஞ்செலும்பு கத்திபோல் துருத்தி, கொண்டை வெளுத்து, பல வாரங்களாக மெலிந்திருந்தால் புழுவைச் சந்தேகிக்கலாம். ஆனால் நாட்பட்ட வேறு நோயும் இப்படிச் செய்யும். வயிறு மட்டும் நீர் கோத்தது போல் பருத்து, நிமிர்ந்து தள்ளாடி நடந்திருந்தால் முட்டைப் பையில் கோளாறு இருந்திருக்கலாம். உடல் நல்ல சதைப்பற்றோடு இருந்து இரவோடு இரவாகச் செத்திருந்தால் புழு காரணமாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

ஈப்போ கற்றுக்கொண்ட பாடம்

பார்க்காமலே காரணத்தை முடிவு செய்வது எவ்வளவு ஆபத்து என்பதை ஈப்போ மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1998-இன் பிற்பகுதியில் ஈப்போவைச் சுற்றிய பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய மூளைக்காய்ச்சலை, கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் எண்ணினார்கள். கொசுப் புகை அடிக்கப்பட்டது, தடுப்பூசியும் போடப்பட்டது. சாவு நிற்கவில்லை. நோய் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமி ஒன்றைப் பிரித்தெடுத்த பிறகுதான் உண்மை வெளிவந்தது. அதுவே நிப்பா. அந்தப் பரவலில் மொத்தம் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

கோழிக்கும் இதே பாடம் பொருந்தும். 2006-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோலாலம்பூர் அருகே கம்பத்துக் கோழிகளிடம் எச்5என்1 பறவைக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. மார்ச்சில் அது பேராக்கிலும் பினாங்கிலும் தென்பட்டது. அந்தப் பரவலில் மலேசியாவில் மனிதர் எவருக்கும் தொற்று உறுதியாகவில்லை. கோழிகள் செத்தவுடன் தகவல் கொடுக்கப்பட்டு, சோதனை நடத்தப்பட்டு, உடனே தடுக்கப்பட்டதே இதற்கு முக்கியக் காரணம்.

ஆகவே, ஒரு கிழட்டுக் கோழி மட்டும் செத்தால் பதற வேண்டியதில்லை. ஆனால் இரண்டு மூன்று நாள்களுக்குள் பல கோழிகள் செத்தாலோ, முகம் வீங்கிக் கொண்டை நீலம் பாய்ந்தாலோ, கழுத்து முறுக்கிக்கொண்டு வெள்ளைக் கழிச்சல் கண்டாலோ, அது பூச்சி அன்று. உடனே மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தச் செய்தியை மறைப்பது அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் செய்யும் கெடுதல்.

உறுதியாகத் தெரிந்துகொள்ள என்ன வழி?

செத்த கோழியை அறுத்துச் சோதிப்பதே நிச்சயமான வழி. அதை வீட்டுச் சமையல் கத்தியால் செய்யக் கூடாது. 1948 முதல் ஈப்போவில் இயங்கிவரும் கால்நடை ஆய்வுக் கழகம் நாட்டின் முக்கியமான விலங்கு நோய்ச் சோதனைக் கூடங்களில் ஒன்று. மாவட்டக் கால்நடை அலுவலகத்தைக் கேட்டால் உடலை எங்கே, எப்படி ஒப்படைப்பது என்று சொல்வார்கள். அதுவரை உடலை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, பனிக்கட்டி போட்ட பெட்டியில் வைக்கலாம். உறைய வைக்கக் கூடாது. உறைந்தால் திசுக்கள் சிதைந்து சோதனை பயன் தராது. ஒரு நாளுக்குள் ஒப்படைப்பது நல்லது.

உடலைப் புதைத்துவிட்டவர்களுக்கும் ஒரு வழி உண்டு. மிச்சமிருக்கும் கோழிகளின் எச்சத்தைச் சோதிக்கலாம். எச்சத்தைக் கெட்டியான உப்புக் கரைசலில் கலக்கினால் பெரும்பாலான புழுக்களின் முட்டைகள் மேலே மிதக்கும். அவற்றை நுண்நோக்கியில் எண்ணி, மருந்து தேவையா, எந்த மருந்து என்று கால்நடை மருத்துவர் முடிவு செய்வார். உருளைப்புழுவைக் கொல்லும் மருந்து எல்லாமே நாடாப்புழுவைக் கொல்வதில்லை. கடைக்காரர் கொடுத்ததைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதில் பலன் இராது. மருந்து கொடுத்த பிறகு எத்தனை நாள் முட்டையை உண்ணக் கூடாது என்பதையும் கேட்டறிய வேண்டும்.

பேரப்பிள்ளைகளுக்கு ஒட்டுமா?

கோழியின் உருளைப்புழு மனிதர் வயிற்றில் வாழ்வதில்லை. தோட்டத்துப் பிள்ளைகளை முன்பு வாட்டிய வயிற்றுப்பூச்சி வேறு இனம். அது மனிதக் கழிவால் அசுத்தமான மண்ணிலிருந்து வந்தது. அந்தப் பழியைக் கோழிமேல் போடுவது நியாயமில்லை. கோழிச் செள் மனிதரைக் கடித்து அரிப்பு உண்டாக்கும். ஆனால் நம் உடலில் நிலையாகத் தங்காது. உண்மையில் அஞ்ச வேண்டியது சால்மொனெல்லா போன்ற வயிற்றுப்போக்குக் கிருமிகளுக்குத்தான். கோழியைத் தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவும் பழக்கம் இருந்தால் போதும்.

தானாகச் செத்த கோழியை உண்ணவும் கூடாது. நாய்க்குப் போடவும் கூடாது. சாக்கடையிலோ ஆற்றிலோ வீசவும் கூடாது. கையுறை அணிந்து, கிணற்றுக்கும் தண்ணீருக்கும் தூரமாக இரண்டடிக்குக் குறையாத குழியில் புதைக்க வேண்டும். கூண்டைக் கழுவி வெயிலில் உலர்த்த வேண்டும். எச்சத்தை அடிக்கடி அள்ளி, மேயும் இடத்தை மாற்றிக் கொடுத்தால் புழு முட்டைகள் பெருகா. கோழி புரள அடுப்புச் சாம்பலும் உலர்ந்த மணலும் கலந்து வைக்கும் பழைய தோட்டப் பழக்கம் பேனுக்கு நல்ல தடுப்பு. வேப்பிலை, பூண்டு கொடுப்பதில் தவறில்லை. ஆனால் மெலிந்துபோன கோழியை அவை மட்டுமே காப்பாற்றிவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

கடைசியாக ஒரு சொல்

கோழி தன் நோயை வெளியே காட்டாத பிராணி. கூட்டத்தில் தளர்ந்தது தெரிந்தால் மற்றவை கொத்தும், பருந்தும் பார்க்கும் என்பதால், முடிந்தவரை நலமாக இருப்பது போலவே நடமாடும். அது சோர்ந்து நிற்பது நம் கண்ணில் படும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஆகவே, "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது" என்று பாட்டி புலம்புவதில் அவர் கவனக்குறைவு ஏதுமில்லை.

பண்ணையில் பிறந்திருந்தால் ஒன்றரை வயதில் முடிந்திருக்க வேண்டிய ஆயுள் அது. அறுக்க விடாமல் தடுத்த ஒருவர் இருந்ததால்தான் அந்தக் கோழி முதுமையைக் கண்டது. இதைப் பிள்ளைகள் பாட்டிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். "ஒரு கோழிக்கா இப்படி அழுவது?" என்று கேலி செய்வதைவிட, குழி தோண்ட ஒரு கை கொடுப்பது நல்லது. மிச்சமிருக்கும் கோழிகளின் எச்சத்தை மறுநாளே சோதனைக்குக் கொண்டு போவது அதனினும் நல்லது.